கோபன்ஹேகனுக்கு எதற்கு மிஷனரி?

‘மிஷன்’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்ட். திருவண்ணாமலையில் இறங்கி டேனிஷ் மிஷன் ஸ்கூல் என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய் விடுவார். அந்தப் பெயரில் இருக்கும் டென்மார்க்கில் போய் இதே சொல்லைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கும். அங்கே மிஷன் என்றதும் நினைவுக்கு வருவது 1861இல் உருவான ‘இன்ரே மிஷன்’, அதாவது உள்நாட்டு மிஷன். நடனம் கூடாது, சீட்டு கூடாது, குடி கூடாது என்று ஊரைக் கண்டித்தவர்கள் என்றே அவர்களைப் பற்றிய பேச்சு. அந்த நாட்டில் ஒருவரை ‘மிஷன் ஆள்’ என்று சொன்னால் அது பாராட்டு அல்ல.

இப்படிப்பட்ட நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனுக்குத்தான் இன்று நைஜீரியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஊழியக்காரர்கள் போகிறார்கள். நம் சபைகளில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, “அங்க எல்லாரும் கிறிஸ்தவங்கதானே?” சபைக்கு வெளியே இருக்கும் நண்பர்களிடம் சொன்னால் வேறு கேள்வி: “அவங்களே சர்ச்சை வித்துக்கிட்டு இருக்காங்க, நிம்மதியா இருக்கிற மனுசங்களை ஏன் போய் தொந்தரவு பண்றீங்க?” இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவது எனக்கு அதிக நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் கேள்விக்குக் கணக்கை வைத்தே பதில் சொல்லிவிடலாம். 1849இல் எழுதிய டென்மார்க் அரசியல் சட்டம், லுத்தரன் சபையை ‘மக்கள் சபை’ என்றும் அரசு அதைத் தாங்கும் என்றும் சொல்கிறது. இன்றைக்கும் ஆயர்களின் சம்பளம் முழுவதையும் போதகர்களின் சம்பளத்தில் 40 சதவீதத்தையும் அரசு கொடுக்கிறது. மீதி, உறுப்பினர்கள் வருமானத்திலிருந்து கட்டும் சபை வரி. 1990இல் நாட்டு மக்களில் 89 சதவீதம் பேர் அந்தச் சபையில் இருந்தார்கள். இப்போது 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கோபன்ஹேகன் நகரத்தை மட்டும் எடுத்தால் பாதியை ஒட்டி வந்துவிடும். 2016இல் நாத்திகர் சங்கம் பேருந்துகளில் சில கேள்விகளை விளம்பரமாக ஒட்டியது, ‘கடவுளை ஏன் நம்ப வேண்டும்?’ என்கிற மாதிரி. மூன்று மாதத்தில் சுமார் 10,000 பேர் சபையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சுவரொட்டிக்கே உதிர்ந்துபோகும் அளவுக்குத்தான் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் விட்டுப்போகாதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் நிலைமை அவர்களிடம்தான் தெரிகிறது. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏதாவதொரு ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். கூரையிலிருந்து ஒரு சிறிய பாய்மரக் கப்பல் தொங்கும். கடலோடிகளின் நாடு, அநேக ஆலயங்களில் அது உண்டு. போதகர் கறுப்பு அங்கியும் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கஞ்சி போட்ட வெள்ளைக் காலரும் அணிந்திருப்பார், முந்நூறு நானூறு வருடப் பழைய ஓவியத்திலிருந்து எழுந்து வந்தவர்போல. ஆர்கன் அருமையாக வாசிப்பார்கள். சம்பளத்துக்கு அமர்த்திய பாடகர் குழு பிசிறில்லாமல் பாடும். தொடக்க ஜெபத்தில், ‘ஆண்டவரே, நீர் என்னோடு பேசுவதைக் கேட்க உமது வீட்டுக்குள் வந்திருக்கிறேன்’ என்று சபையின் சார்பில் ஒருவர் சொல்வார். நல்ல ஜெபம். கேட்க வந்தவர்கள் பல ஞாயிறுகளில் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள், அன்று ஞானஸ்நானம் இருந்தால் ஒழிய. இருந்தால் ஒரு குடும்பம் முன்வரிசைகளை நிறைத்திருக்கும். எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

வசந்தகாலத்தில் திடப்படுத்தல் நடக்கும், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு. பதினான்கு வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் இன்னும் அதைச் செய்துகொள்கிறார்கள். பெரிய விருந்து, நிறையப் பணப் பரிசு. அடுத்து வரும் திங்கட்கிழமை ‘நீலத் திங்கள்’ என்று ஒரு வழக்கம்: பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பரிசுப் பணத்தோடு பிள்ளைகள் நகரத்துக்குக் கடை சுற்றப் போவார்கள். திடப்படுத்தல் வேண்டாம் என்கிற வீடுகளிலும் அந்த விருந்து மட்டும் அதே வயதில் நடப்பதுண்டு. மரணம் வந்தால் பெரும்பாலோருக்கு ஆலயத்திலிருந்துதான் அடக்கம். அப்பாவும் அம்மாவும் கட்டிய வீட்டைப் பூட்டி வைத்து, நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதுபோல.

இதை முதலில் பார்த்துக் கலங்கியவர் வெளியாள் அல்ல, அந்த ஊர்க்காரரான தத்துவ எழுத்தாளர் சோரன் கீர்க்ககார்ட். 1854 ஜனவரியில் ஆயர் மின்ஸ்டர் இறந்தபோது, வசதியாக வாழ்ந்து கௌரவமாக இறந்த அவரை ‘சத்தியத்தின் சாட்சி’ என்று பேராசிரியர் மார்ட்டென்சன் புகழ்ந்து பிரசங்கித்தார். கீர்க்ககார்டால் தாங்க முடியவில்லை. கடைசி வருடத்தில் சிறு சிறு வெளியீடுகளாக எழுதித் தள்ளினார். பிறந்தவுடன் எல்லாரும் கிறிஸ்தவர் என்று ஆக்கிவிட்ட நாட்டில் கிறிஸ்தவம் இல்லாமலே போய்விட்டது என்பது அவர் வழக்கு. தெருவில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அரசாங்கச் சம்பளம் வாங்கும் போதகர் கையால் திருவிருந்து வேண்டாம் என்று மறுத்தே 1855 நவம்பரில் இறந்தார். கிறிஸ்தவம் கேள்விப்படாத ஊரில் அதைச் சொல்வதைவிட, தெரியும் என்று நினைக்கிற ஊரில் சொல்வது கடினம் என்று அவர் கண்டது இன்றுவரை அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர். 2003இல் டோர்பேக் என்ற இடத்தின் போதகர் தோர்கில் குரோஸ்பெல், படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரைத் தான் நம்பவில்லை என்று பேட்டியில் சொன்னார். மேலிடம் நடவடிக்கை எடுத்தது. அவருடைய சபையாரில் பலர் அவர் பக்கம் நின்றார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு நம் மேடைகளில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: “அங்க பணம் இருக்கு, நிம்மதி இல்லை.” எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! இது உண்மை இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். டென்மார்க் மக்கள் உலகத்திலேயே அதிகத் திருப்தியோடு வாழ்கிறவர்களில் சேர்கிறார்கள். வருடாவருடம் கணக்கெடுப்புகள் அதைத்தான் சொல்கின்றன. கோபன்ஹேகனில் தாய்மார் குழந்தை தூங்கும் தள்ளுவண்டியைக் காபிக் கடைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்புகிறார்கள். நாம் ஆசைப்படுகிற நேர்மையும் ஒழுங்கும் அங்கே பேருந்து நிறுத்தத்திலேயே கிடைக்கின்றன. அவர்களைப் பார்த்து உங்கள் வாழ்க்கை வெறுமை என்று பிரசங்கிக்கப் போகிறவர் முதலில் பொய் சொல்கிறார். பொய்யில் ஆரம்பித்து நற்செய்தி சொல்ல முடியாது.

சரியான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தரங்கம்பாடிக்குத் திரும்பி வர வேண்டும்.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு மிஷனரிகள், அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் கரையேறினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். உள்ளூர் டேனிஷ் ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையிலும் இருந்தார், ஆகவே அவரை அதிகாரத்தின் கையாள் என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது. ஆனாலும் அவர் வெறுங்கையோடு வரவில்லை. பின்னால் ஓர் அரசர் இருந்தார், பள்ளி இருந்தது, அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு இருந்தது, அச்சுக்கூடம் வந்தது. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அந்த அரசரின் முத்திரையும் கிரீடமும் இன்றைக்கும் இருக்கின்றன. பின்னால் வந்தவர்களும் அப்படியே. தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78இல், தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சித்தொட்டி நடத்தியவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள்.

அப்போது பிறந்த பழி நம் தலைமுறை வரை கூடவே வந்தது. ‘அரிசிக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறினவங்க.’ பள்ளிக்கூடத்தில், டீக்கடையில், கல்யாணப் பேச்சில் இதைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. என் பாட்டிக்கு இது தெரியும். அவர் பதில் சொன்னதில்லை. மதம் மாறியவர்கள் மானத்தையும் எழுத்தையும் தேடித்தான் வந்தார்கள், பசித்தவனுக்குச் சோறு போடுவது தூண்டில் ஆகாது என்றெல்லாம் நான் வாதாடியிருக்கிறேன். அந்த வாதங்களை இன்றும் நம்புகிறேன். இருந்தாலும் உள்ளே ஒரு கேள்வி மிச்சமிருந்தது: சோறும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இல்லாவிட்டால் அந்த மிஷனரிகள் கையில் சொல்ல என்ன இருந்திருக்கும்?

கோபன்ஹேகன் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்கிற ஊர். அங்கே மிஷனரியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. 1814இல் கட்டாயக் கல்வி வந்துவிட்டது. நெடுங்காலம் போதகர்கள்தான் அந்தப் பள்ளிகளை மேற்பார்த்தார்கள். ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஆதியில் சபையோடு ஒட்டி நடந்ததுதான். 1933 ஜனவரியில், கான்ஸ்லர் தெருவில் பிரதமர் ஸ்டவ்னிங்கின் வீட்டில் கட்சிகள் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதையொட்டி வந்த சமூகச் சீர்திருத்தம், ஏழைக்குக் கிடைக்கும் உதவி தர்மம் அல்ல, அவனுடைய உரிமை என்று ஆக்கியது. சபையின் கையில் இருந்த நல்ல வேலைகளை அரசு எடுத்துக்கொண்டு சபையைவிட நன்றாகவே செய்கிறது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. அயலானை நேசி என்று நூற்றாண்டுகளாகக் கேட்ட ஒரு மக்கள், அதைச் சட்டமாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் அங்கே போய்ச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்று நம்புகிறவர்தான் போக முடியும். வயிறு நிறைந்தவனிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றால், பசித்தவனிடம் நாம் சொன்னதும் சோறு மட்டும்தான் என்றாகிவிடும். பழி சொன்னவர்கள் சொன்னது சரியாகிவிடும். மன்னிப்பு, சாவுக்கு அப்பால் ஒரு நம்பிக்கை, நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி. இவை உரிமைச் சட்டத்தில் வராதவை. இவற்றை ஒரு குறையும் இல்லாத மனிதரிடம், எந்தத் தூண்டிலும் இல்லாமல், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கும்போது சொல்வது. தரங்கம்பாடியில் செய்த வேலையின் நேர்மையை அங்கேதான் சோதித்துப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த எண்ணத்துக்கு வந்த முதல் ஆள் நான் இல்லை. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது ஐரோப்பாவை யாரும் மிஷன் களமாக எண்ணவில்லை. அது அனுப்புகிற இடம். அங்கே பேசிய சில ஆசியரில் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவும் ஒருவர். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் முடித்தார். கொடுப்பவர் வாங்குபவர் என்ற உறவில் நட்பு முளைக்கவில்லை என்ற வலி அதில் இருந்தது. அறுபது வருடம் கழித்து, மதுரையிலும் சென்னையிலும் ஆயராக இருந்த லெஸ்லி நியூபிகின் 1974இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே எது கடினமாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, நாளையைப் பற்றிய நம்பிக்கை மறைந்துபோனதுதான் என்றார். சென்னையின் சேரிகளில்கூட நாளை நன்றாக இருக்கும் என்ற எண்ணம் இருந்ததாம். பிறகு பர்மிங்ஹாமில் ஒரு சிறிய சபைக்குப் போதகராகப் போனார்.

அசரியா கேட்ட அந்த நட்புதான் கோபன்ஹேகனில் மிஷனரி கொடுக்கக்கூடிய ஒரே பொருள். அதற்கு அங்கே தேவையும் உண்டு. ஆட்களுக்கு நிம்மதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நகரத்தில் ஏறக்குறையப் பாதி வீடுகளில் ஒரே ஒருவர்தான் குடியிருக்கிறார். வெஸ்டர்புரோ பகுதியில் அப்சலோன் என்றொரு ஆலயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர் கூட்டம் நகரத்துக்குள் குவிந்தபோது, பல்லாயிரம் பேருக்கு ஓர் ஆலயம்தான் இருக்கிறது என்று பதறி, நன்கொடை திரட்டி ஆலயங்களாகக் கட்டத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் பிந்தி வந்தது இது. ஆள் வராததால் அப்பகுதியில் சில ஆலயங்களை மூடினார்கள், இதையும்தான். ‘ஃப்ளையிங் டைகர்’ என்ற மலிவுப் பொருள் கடைகளை உருவாக்கியவர் அதை வாங்கினார். 2015இல் மக்கள் மன்றமாகத் திறந்தது. சுவரெல்லாம் பளிச்சென்ற வண்ணங்கள், டேபிள் டென்னிஸ், நடனம். மாலை ஆறு மணிக்குப் பொதுச் சாப்பாடு: நீண்ட மேசைகள், தெரியாத ஆட்களின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், ஒருவர் எழுந்துபோய் மேசைக்கான பாத்திரத்தை வாங்கி வருவார், எல்லாரும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வார்கள். இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று எனக்கு அழுகைதான் வந்தது. ஆலயம் போனதற்காக இல்லை. ஆதிச் சபை வீடுகளில் கூடி அப்பம் பிட்டது இப்படித்தான். பந்தி போட்டால் ஜனங்கள் வருகிறார்கள். அந்தப் பந்தியை விரிக்க ஒரு வியாபாரிக்குத் தோன்றியது, அந்தக் கட்டடத்தில் அவ்வளவு இடம் வைத்துக்கொண்டு சிலரோடு மட்டும் ஆராதனை நடத்திய நமக்குத் தோன்றவில்லை.

கைநிறையக் கொடுக்க வேண்டிய இடங்களும் அந்த நகரத்தில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இஸ்தெட் தெருவில் மரியா ஆலயம் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர்களும் தெருவில் பாலியல் தொழில் செய்யும் பெண்களும் வந்து உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கலாம், கேள்வி கேட்கமாட்டார்கள். 1912இல் தொடங்கிய சபையின் சிலுவைச் சேனை, வீடில்லாதவர்களுக்குத் தங்குமிடங்களை நடத்துகிறது. எல்லாருக்கும் உரிமை எழுதிவைத்த நாட்டிலும் அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பும் தெம்பு இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

பழைய பழி புது உடையில் வருவதும் அங்கேதான். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்தவர்களில் பலர் கடந்த ஆண்டுகளில் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். உடனே சந்தேகம்: விசுவாசமா, விசாவா? மதம் மாறியவரைத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதால், அகதிகள் மேல்முறையீட்டு வாரியம் ஒருவருடைய விசுவாசம் மெய்யா என்று உட்கார்ந்து விசாரிக்கிறது. ஒரு மனிதனுடைய ஜெபத்தை அதிகாரிகள் மேசையில் வைத்து எடைபோடுவது எவ்வளவு கொடுமை! ஆனால் போதகர்கள் அவசரப்படாமல், பல மாதம் வேதபாடம் நடத்திய பிறகே ஞானஸ்நானம் கொடுப்பது சரி என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுச் சபைகளின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த நிதானத்தின் அருமை புரியும்.

பணக் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பணக்கார ஊருக்கு ஊழியத்துக்குப் போகிறவருக்குக் காணிக்கை சேராது. கிணறு வெட்டினோம், பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தோம் என்று படம் காட்டினால் கொடுக்கிற கை, ‘இந்த வருடம் இரண்டு பேரோடு காபி குடித்தேன், ஒருவர் தன் அம்மாவின் சாவைப் பற்றிப் பேசினார்’ என்ற கடிதத்துக்கு நீளாது. வாடகையோ கழுத்தை நெரிக்கும். அதனால் பலர் பவுல் கூடாரம் தைத்ததுபோல வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறார்கள்: ஆஸ்பத்திரியில், கட்டடம் துப்புரவு செய்யும் கம்பெனியில். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும் என்பது ஒரு வசதிபோலத் தோன்றும், ஆனால் அது ஒரு பொறி. வாராவாரம் வானிலை பேச ஆங்கிலம் போதும். சாவைப் பற்றி, அப்பாவோடு பத்து வருடம் பேசாததைப் பற்றி ஒருவர் மனம் திறப்பது அவருடைய தாய்மொழியில்தான். டேனிஷ் மொழியில் எழுதுவதில் பாதியை விழுங்கித்தான் உச்சரிப்பார்கள். மணலில் எழுதிப் படித்த சீகன்பால்குவின் பொறுமை வேண்டும்.

வெளிநாட்டுச் சபைகள் பல டேனிஷ் ஆலயங்களிலேயே வாடகைக்கு நேரம் வாங்கிக் கூடுகின்றன. காலை பத்து மணி ஆராதனை முடிந்து போதகர் காலரைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது, மத்தியான ஆராதனைக்கு டிரம்ஸும் பிரியாணிப் பாத்திரமும் வாசலில் இறங்கும். வாசலில் ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டு இரு சபையும் பிரிந்துவிடுகிற இடங்கள்தான் அதிகம். நம்மவர்கள் உட்பட, வெளியிலிருந்து வந்தவர்கள் நம் மொழி, நம் பாட்டு என்று வட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவதை நான் குறையாகவே சொல்கிறேன். அகதியாக வந்த முதல் தலைமுறைக்கு அந்த வட்டம் உயிர்மூச்சு. ஆனால் அங்கேயே பிறந்து டேனிஷில் கனவு காணும் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச நாம் கற்றுத்தரவில்லை என்றால், அந்த ஊருக்கு நாம் போனது எதற்கு?

நகரத்தின் நடுவில் பேராலயம் இருக்கிறது, வோர் ஃப்ருவ. இருபுறமும் பன்னிரண்டு அப்போஸ்தலர். பீடத்தில் தோர்வால்சன் செதுக்கிய வெள்ளைச் சலவைக்கல் கிறிஸ்து, இரு கைகளையும் விரித்துத் தலை குனிந்து நிற்கிறார். நின்றபடி பார்த்தால் முகம் சரியாகத் தெரியாது. மண்டியிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பார்கள். காலடியில் வசனம், ‘என்னிடத்தில் வாருங்கள்’ என்ற அளவோடு நிற்கிறது. ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே வசனம். வாரத்தில் சில இரவுகளில் அங்கே ‘இரவு ஆலயம்’ நடக்கிறது. பக்கத்துத் தெருக்களில் பார்கள் நிரம்பியிருக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்து, விளக்குகளைக் குறைத்து, மெல்லிய இசை விடுகிறார்கள். பிரசங்கம் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவர்கள், வேலை முடித்துச் சைக்கிளில் போகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற மாணவர்கள் உள்ளே வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் எதுவும் பேசாமல் போய்விடுவார்கள். ஓரமாக ஒரு போதகர் உட்கார்ந்திருப்பார், யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேசுவதற்கு.